தோற்றவர்களுக்கு முதல் பந்தி

அமெரிக்காவில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. கூடைப்பந்து ஆட்டத்தில் ஜெயித்தவர்களுக்குக் கோப்பை கொடுப்பார்கள். தோற்றவர்களுக்கு ஆள் கொடுப்பார்கள்!

ஆண்டு முழுவதும் அடி வாங்கிய அணி எதுவோ, அதற்குத்தான் முதல் மரியாதை. அந்த ஆண்டு புதிதாக ஆட வரும் இளைஞர்களில், தனக்குப் பிடித்தவரை அது முன்னதாக எடுத்துக் கொள்ளலாம். நன்றாக ஆடிய அணிகள் பின்னால்தான் வர வேண்டும். பசித்தவனை முதல் பந்தியில் உட்கார வைப்பது போன்ற ஏற்பாடு இது.

இதற்கு "டிராப்ட்" என்று பெயர். 1947-ம் ஆண்டு தொடங்கியது. சம்பளத்துக்கு ஆடும் பெரிய அணிகள் எல்லாம் "என்.பி.ஏ." என்ற அமைப்பில் இருக்கின்றன. பணக்கார நகரத்து அணி நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் விலைக்கு வாங்கிவிட்டால், ஏழை அணி என்ன செய்யும்? ஒரே அணி ஜெயித்துக் கொண்டே இருந்தால், பார்க்க யார் டிக்கெட் வாங்குவார்கள்? அதனால் வந்த ஏற்பாடு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் முதல் பந்தியில் இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? சாப்பிடத் தெரிய வேண்டும் அல்லவா?

தோற்ற அணி யாரை எடுக்க வேண்டும்? "நம்மிடம் எது இல்லையோ அதை எடு" என்பார் சிலர். "இருப்பவர்களில் யார் சிறந்தவரோ அவரை எடு" என்பார் வேறு சிலர். கேட்பதற்கு இரண்டும் நியாயமாகத்தான் இருக்கும். நடந்த கதைகளைப் பார்த்தால் இரண்டாவது பேச்சுதான் சரி என்று தெரியும்.

ஏழடி மோகம்

கூடைப்பந்தில் ஓர் அணிக்கு 5 பேர். கூடை தரையிலிருந்து 10 அடி உயரத்தில் இருக்கும். அதில் பந்தைப் போட வேண்டும்.

ஆகவே நெட்டை ஆளுக்கு மவுசு அதிகம். கூடைக்குப் பக்கத்திலேயே நின்று ஆடும் நெட்டை ஆளை "சென்டர்" என்பார்கள். ஏழடி உயரத்தில் ஒரு பையன் கண்ணில் பட்டால் போதும். அணி நிர்வாகிகளுக்குத் தூக்கம் வராது.

போர்ட்லாந்து நகரத்து அணிக்கு இந்த மோகம் கொஞ்சம் அதிகம். அதற்குக் காரணமும் உண்டு. 1974-ல் அந்த அணி பில் வால்டன் என்ற நெட்டை ஆளை எடுத்தது. அவர் 1977-ல் சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தார். ஊரே தெருவுக்கு வந்து கொண்டாடியது. பிறகு வால்டனின் கால் எலும்பு முறிந்தது. அவர் போய்விட்டார். அன்று முதல், "இன்னொரு வால்டன் கிடைக்க மாட்டானா?" என்ற ஏக்கம் அந்த ஊருக்கு இருந்தது.

இண்டியானா செய்த வியாபாரம்

இதற்கு நடுவே, இண்டியானா அணிக்கு 1981-ல் ஒரு சென்டர் தேவைப்பட்டது. உடனே தேவை! போர்ட்லாந்திடம் டாம் ஓவன்ஸ் என்ற ஆட்டக்காரர் இருந்தார். முப்பது வயதைத் தாண்டியவர்.

"அவரைக் கொடுங்கள். மூன்று ஆண்டு கழித்து, 1984-ல், எங்களுக்கு வரும் முதல் இடத்தை நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள்" என்றது இண்டியானா. போர்ட்லாந்து சரி என்றது.

ஓவன்ஸ் இண்டியானாவில் ஆடியது ஒரே ஒரு பருவம். 1984 வந்தது. இண்டியானா 82 ஆட்டங்களில் 26 மட்டுமே ஜெயித்தது. கிழக்குப் பிரிவில் கடைசி. முதல் பந்தியில் உட்கார வேண்டிய அணி அதுதான். ஆனால் இலையை மூன்று ஆண்டுக்கு முன்பே விற்றுவிட்டதே! இன்றைய பசிக்கு நாளைய விதைநெல்லைக் குத்தித் தின்ற கதை.

அந்த இடம் போர்ட்லாந்துக்குப் போனது. போர்ட்லாந்தோ அந்த ஆண்டு 48 ஆட்டம் ஜெயித்த நல்ல அணி. அடித்தது யோகம்!

1984 ஜூன் 19

அப்போதெல்லாம் கிழக்கில் கடைசி அணிக்கும் மேற்கில் கடைசி அணிக்கும் நடுவே காசைச் சுண்டிப் போடுவார்கள். பூவா, தலையா? ஜெயித்தவருக்கு முதல் இடம். அந்த ஆண்டு ஹூஸ்டன் ஜெயித்தது. போர்ட்லாந்துக்கு இரண்டாவது இடம். 27 ஆட்டம் மட்டுமே ஜெயித்திருந்த சிகாகோவுக்கு மூன்றாவது இடம்.

ஹூஸ்டன் எடுத்தது ஹக்கீம் ஒலாஜுவானை. நைஜீரியா நாட்டு லாகோஸ் நகரத்துப் பிள்ளை. சிறு வயதில் கால்பந்தில் கோல் காத்தவர். கூடைப்பந்தைத் தொட்டதே பதினைந்து வயதுக்குப் பிறகுதான். பின்னாளில் 1994, 1995 இரண்டு ஆண்டும் ஹூஸ்டனுக்குப் பட்டம் வாங்கித் தந்தார். அந்த முடிவில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அடுத்து போர்ட்லாந்தின் முறை. மேடையில் மிச்சம் இருந்தவர்களில் இரண்டு பேர் முக்கியமானவர்கள்.

ஒருவர் சாம் போவி. கென்டக்கி பல்கலைக்கழக மாணவர். ஏழடி ஓர் அங்குலம். நல்ல பிள்ளை, நல்ல ஆட்டம். ஆனால் இடது கால் எலும்பில் விரிசல் விட்டு, கல்லூரியில் இரண்டு முழுப் பருவங்கள் ஆடாமல் உட்கார்ந்திருந்தவர்.

இன்னொருவர் மைக்கேல் ஜோர்டான். ஆறடி ஆறு அங்குலம். 1982-ல் கல்லூரி இறுதி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் பந்தைப் போட்டு, வட கரோலினாவை ஒரு புள்ளியில் ஜெயிக்க வைத்தவர். 1984-ல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்று பரிசு வாங்கியவர். யாருக்கும் தெரியாத மாணிக்கம் அல்ல. ஊரறிந்த பையன்.

போர்ட்லாந்து போவியை எடுத்தது!

ஏன்? "ஜோர்டான் ஆடும் இடத்தில் நம்மிடம் கிளைட் டிரெக்ஸ்லர் இருக்கிறான். ஒரே உறையில் இரண்டு கத்தி எதற்கு? நமக்கு இல்லாதது சென்டர்தான்" என்பது அவர்கள் போட்ட கணக்கு. டிரெக்ஸ்லரும் சாதாரண ஆள் இல்லை. முதல் ஆண்டை அப்போதுதான் முடித்திருந்தார். ஆகவே அவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. கணக்கு சரிதான். கேள்விதான் தப்பு. "யார் சிறந்தவன்?" என்று கேட்க வேண்டிய இடத்தில், "எது இல்லை?" என்று கேட்டுவிட்டார்கள்.

சிகாகோ மட்டும் என்ன, பெரிய ஞானியா? அதற்கும் சென்டர் மேலேதான் ஆசை. அந்த அணியின் நிர்வாகி ராட் தார்ன், ஜோர்டான் ஏழடி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்ற கருத்தில் அன்று பத்திரிகைக்காரர்களிடம் பேசினார். நல்ல சென்டர் மிச்சம் இல்லாததால், இருந்தவர்களில் சிறந்தவரை எடுத்தார்கள். 1991 முதல் 1998-க்குள் ஆறு சாம்பியன் பட்டங்கள் வந்து சேர்ந்தன.

1992-ல் இறுதிப் போட்டிக்கு வந்த இரண்டு அணிகள் எவை தெரியுமா? சிகாகோவும் போர்ட்லாந்தும்! முதல் ஆட்டத்தின் முதல் பாதியிலேயே ஜோர்டான் 35 புள்ளிகள் எடுத்தார். போர்ட்லாந்து 4-க்கு 2 என்று தோற்றது.

அதே ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்க அணி தங்கப் பதக்கம் வாங்கியது. அந்த அணியில் ஜோர்டானும் இருந்தார், டிரெக்ஸ்லரும் இருந்தார். ஒரே உறையில் இரண்டு கத்தியும் இருந்தன!

வலியை மறைத்த பையன்

போவியின் கதையை ஊர் கேலியாகச் சொல்லும். "ஜோர்டானை விட்டுவிட்டு இவனையா எடுத்தார்கள்?" என்று சிரிக்கும். சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

எடுப்பதற்கு முன் போர்ட்லாந்து வைத்தியர்கள் அவரை மணிக்கணக்கில் சோதித்தார்கள். இடது கால் எலும்பில் சிறிய சுத்தியலால் தட்டினார்கள். "வலிக்கிறதா?" என்று கேட்டார்கள். "இல்லை" என்றார் போவி. உண்மையில் வலித்தது. 2012-ல் வெளிவந்த ஒரு படத்தில் அவரே இதைச் சொன்னார். தன்னை நம்பியிருந்த வேண்டியவர்களை நினைத்து அப்படிச் சொன்னதாகவும், தன் நிலையில் இருந்தால் யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்றும் விளக்கினார்.

23 வயதுப் பையன். எதிரே லட்சக்கணக்கான டாலர் சம்பளம். பின்னால் குடும்பம். "வலிக்கிறது" என்ற ஒரு சொல் வாயிலிருந்து வந்தால் எல்லாம் போச்சு. எத்தனை பேர் உண்மை சொல்லியிருப்பார்கள்?

முதல் பருவத்தில் 76 ஆட்டம் ஆடினார். இரண்டாவது பருவத்தில் 38. மூன்றாவது பருவத்தில் வெறும் 5. நான்காவது பருவத்தில் ஒன்றுகூட இல்லை. கால் எலும்பு திரும்பத் திரும்ப முறிந்தது. 1989-ல் போர்ட்லாந்து அவரை நியூஜெர்சிக்கு அனுப்பிவிட்டது. அப்படியும் மனம் தளராமல் மொத்தம் 511 ஆட்டங்கள் ஆடிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

குற்றம் அவருடையதா? தேர்ந்தெடுத்தது அவர் அல்ல. இரண்டு பருவம் ஆடாத காலை வைத்துக் கொண்டு வந்த பையனிடம், அவன் வாய்ச்சொல்லை நம்பி முடிவெடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். "எங்களுக்கு நெட்டை ஆள் வேண்டும்" என்று மனம் முடிவு கட்டிவிட்டால், கண் எதையும் பார்க்காது. பெண் பார்க்கப் போகும்போதே தேதி குறித்துவிட்டுப் போவது போல!

மறுபடியும் போர்ட்லாந்து

23 ஆண்டுகள் ஓடின. 2007-ல் போர்ட்லாந்து உண்மையாகவே நொடித்துப் போன அணி. 32 ஆட்டம்தான் ஜெயித்திருந்தது. அப்போது குலுக்கல் முறை வந்துவிட்டது. குலுக்கலில் முதல் இடமே விழுந்தது.

மறுபடியும் இரண்டு பேர். ஒருவர் கிரெக் ஓடன், ஏழடி சென்டர். மற்றவர் கெவின் டுரான்ட். தூரத்திலிருந்து பந்து போடுவதில் மன்னன். போர்ட்லாந்து ஓடனை எடுத்தது. சில மாதத்தில் அவர் முழங்காலில் அறுவை சிகிச்சை. முதல் பருவம் முழுவதும் போயிற்று. போர்ட்லாந்துக்காக அவர் ஆடியது மொத்தமே 82 ஆட்டங்கள்; ஒரு பருவத்தின் கணக்குத்தான். டுரான்ட் சியாட்டிலுக்குப் போய், நான்கு முறை அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற பெயர் வாங்கினார்.

"பார்த்தாயா, அதே தப்பு!" என்று பலர் சொல்வார்கள். அது நியாயம் அல்ல. இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒன்றல்ல. 2007-ல் ஓடன்தான் முதல்வர் என்று பெரும்பாலான நிபுணர்களே சொன்னார்கள். போர்ட்லாந்து சரியான கேள்வியைத்தான் கேட்டது. விடை பொய்த்துவிட்டது. மழை பெய்யாமல் பயிர் காய்ந்தால் உழவனைக் குறை சொல்லலாமா? 1984-ல் நடந்தது வேறு. அது நிலத்தைப் பார்க்காமல் விதைத்தது.

நெட்டை மேல் நெட்டை

"அப்படியானால் நெட்டை ஆளே வேண்டாமா?" என்று கேட்கலாம். அதுவும் இல்லை. சான் அன்டோனியோவின் கதை இதற்குப் பதில் சொல்லும்.

1996-97 பருவத்தில் அந்த அணி 20 ஆட்டம்தான் ஜெயித்தது. அதன் பெரிய ஆட்டக்காரர் டேவிட் ராபின்சன் காயத்தால் 6 ஆட்டம் மட்டுமே ஆட முடிந்தது. அவர் ஏழடி ஓர் அங்குல சென்டர். குலுக்கலில் முதல் இடம் வந்தது. அந்த ஆண்டு வந்தவர்களில் சிறந்தவர் டிம் டங்கன். அவரும் ஏறக்குறைய ஏழடி!

டங்கன் கரீபியன் கடலில் உள்ள சிறு தீவில் பிறந்தவர். நீச்சல்காரராக வர வேண்டியவர். 1989-ல் அடித்த புயல் தீவின் நீச்சல் குளத்தை நாசமாக்கியது. கடலில் நீந்தப் பயம், சுறா இருக்குமே! அடுத்த ஆண்டு, அவருடைய 14-வது பிறந்த நாளுக்கு முந்தின நாள், தாயார் புற்றுநோயால் இறந்தார். கல்லூரிப் படிப்பை முடிப்பேன் என்று தாயாருக்குக் கொடுத்த வாக்கு அவர் மனதில் இருந்தது. பணம் கூப்பிட்டபோதும் படிப்பை விடவில்லை. நான்கு ஆண்டு படித்துப் பட்டம் வாங்கிய பிறகுதான் வந்தார்.

"எங்களிடம் ஏற்கெனவே ஒரு நெட்டை இருக்கிறார், குட்டையான ஆளைக் கொடுங்கள்" என்று சான் அன்டோனியோ சொல்லவில்லை. சிறந்தவரை எடுத்தது. இரண்டு நெட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஆட்டத்தையே அதற்கேற்றபடி மாற்றிக்கொண்டது. இரண்டே ஆண்டில், 1999-ல், பட்டம். டங்கன் இருந்தபோது மொத்தம் ஐந்து பட்டங்கள்.

அதே 1997-ல் பாஸ்டன் நிலைமை இன்னும் மோசம். 15 ஆட்டம்தான் ஜெயித்திருந்தது. மூன்றாவது இடத்தில் சான்சி பில்லப்ஸ் என்ற பையனை எடுத்தது. நல்ல தேர்வு. ஆனால் பொறுமை இல்லை. 51 ஆட்டம் ஆவதற்குள், "இவன் சரிப்பட மாட்டான்" என்று டொராண்டோவுக்குத் தள்ளிவிட்டது. 2004-ல் டெட்ராய்ட் அணி சாம்பியன் ஆனபோது, இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் யார்? அந்த பில்லப்ஸ்தான்.

வேண்டுமென்றே தோற்கலாமா?

தோற்றால் முதல் இடம் என்றால், சிலருக்குக் குறுக்குப் புத்தி வராமல் இருக்குமா? 1984-ல் பருவம் முடியும் நேரத்தில் ஹூஸ்டன் 38 வயது எல்வின் ஹேஸை ஓர் ஆட்டத்தில் 53 நிமிடம் ஆட விட்டது. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. மறு ஆண்டே குலுக்கல் முறை வந்தது. 2019-ல் அதையும் மாற்றி, கடைசி மூன்று அணிகளுக்கும் வாய்ப்பைச் சமமாக்கினார்கள். நூற்றுக்கு 14 வீதம்.

டிக்கெட் வாங்கிப் பிள்ளைகளை அழைத்து வந்த தகப்பனுக்கு இது துரோகம் அல்லவா? பலனும் நிச்சயம் இல்லை. 2025-ல் யூட்டா 17 ஆட்டம் ஜெயித்துக் கடைசியில் நின்றது. அதற்கு ஐந்தாவது இடம்தான் கிடைத்தது. நூற்றுக்கு இரண்டு வாய்ப்புக்கூட இல்லாத டல்லஸ் முதல் இடத்தைக் கொண்டு போனது!

காத்திருக்கத் தெரிந்த அணி

"யார் சிறந்தவன் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்?" இது நல்ல கேள்வி. 18, 19 வயதுப் பிள்ளையைப் பார்த்து, 25 வயதில் எப்படி இருப்பான் என்று சொல்ல ஜோசியனாலும் முடியாது. அதனால்தான் தோற்ற அணி அவசரப்படக் கூடாது. பட்டத்துக்கு ஒரு படி கீழே நிற்கும் அணிக்கு இன்றைக்கே ஆள் வேண்டும். அதற்கு அவசரம் உண்டு. அடிமட்டத்தில் கிடக்கும் அணிக்கு என்ன அவசரம்? இந்த ஆண்டு 20 ஆட்டம் ஜெயித்தால் என்ன, 25 ஜெயித்தால் என்ன? அதன் கையில் இருக்கும் ஒரே பணம் நேரம்தான். அதையும் இண்டியானா போல விற்றுவிட்டால் மிச்சம் என்ன?

கிரீஸ் நாட்டு ஏதென்ஸ் நகரத்தில் ஒரு நைஜீரியக் குடும்பம் இருந்தது. பிழைக்க வந்த குடும்பம். பிள்ளைகள் தெருவில் கைக்கடிகாரமும் கறுப்புக் கண்ணாடியும் விற்று வீட்டுக்கு உதவினார்கள். அதில் ஒரு பையன் யான்னிஸ் அடெட்டோகும்போ. ஒல்லி உடம்பு, நீளக் கை. கிரீஸின் இரண்டாம் பிரிவு அணியில் ஆடிக் கொண்டிருந்தான்.

2013 டிராப்டில் முதல் இடம் கிளீவ்லாந்துக்கு. அது ஆந்தனி பென்னெட்டை எடுத்தது. நான்கு பருவத்துக்குள் அவர் என்.பி.ஏ.வில் இல்லாமல் போனார். 14 பேர் பெயர் வாசித்து முடிந்தது. 15-வதாக மில்வாக்கி அணி யான்னிஸின் பெயரைச் சொன்னது. 18 வயது.

அவர் வந்த முதல் பருவத்தில் மில்வாக்கி ஜெயித்தது 15 ஆட்டம். தோற்றது 67! யான்னிஸ் எடுத்தது ஆட்டத்துக்குச் சராசரி 7 புள்ளிகூட இல்லை. பாஸ்டனாக இருந்தால் என்ன செய்திருக்குமோ தெரியாது. மில்வாக்கி அவரை யாருக்கும் கொடுக்கவில்லை. உடம்பு தேறட்டும் என்று ஆட விட்டது. ஒரு சமயம் பந்தைக் கொண்டு போகும் வேலை கொடுத்தது. ஒரு சமயம் கூடைக்கு அடியில் நிறுத்தியது. இந்த இடத்துக்குத்தான் இவன் என்று கட்டிப் போடவில்லை.

2019, 2020 இரண்டு ஆண்டும் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021-ல் மில்வாக்கி இறுதிப் போட்டியில் ஜெயித்தது. அந்த ஊருக்கு 1971-க்குப் பிறகு வந்த பட்டம் அது. கடைசி ஆட்டத்தில் யான்னிஸ் எடுத்த புள்ளிகள் 50.